பார்க்காமல் செய்தவை

"இதெல்லாம் ஆராய்ச்சியா, டீச்சர்?" என்று கேட்டாள் ரெஜினா.

மனிதரும் இயந்திரமும் எப்படிப் பழகுகிறார்கள் என்பதைத் தவமணி பல வருடமாகக் களிமண்ணில் ஆராய்ந்துவந்தாள். வருகிறவர்களிடம் கேள்வி கேட்பதில்லை. வீட்டில் பழகிய ஏதாவது ஒரு இயந்திரத்தை, பார்க்காமல், நினைவிலிருந்து செய்யச் சொல்வாள்.

அப்படிச் செய்தவை அலமாரி முழுக்க நின்றன.

ஒரு ரேடியோ. பெட்டியைவிட அதன் திருகு பெரிது. அப்பா தொடவே விடாத ரேடியோவாம்.

ஒரு தொலைபேசி. வயர் மட்டும் மூன்று முழம். யாருக்கும் கேட்காமல் பேச, அடுப்படிவரை இழுத்துப் போவார்களாம்.

ஒரு மிக்ஸி. மூடி மட்டும்தான் இருந்தது. அம்மா அரைக்கும்போது அதை அழுத்திப் பிடிப்பது செய்தவளின் வேலையாக இருந்ததாம்.

ரெஜினா அந்த மூடியைக் கையில் எடுத்தாள். வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

"ஒண்ணுகூட அளவு சரியில்லையே."

"அளவெடுக்கவா வச்சிருக்கேன், அக்கா?" தவமணி அவளைவிட ஆறு வயது இளையவள்.

ரெஜினா தான் வந்த காரணத்தைச் சொன்னாள். மகனுக்கு எட்டு மாதம். தொட்டிலுக்கு மேலே கேமரா மாட்டியிருக்கிறது. மாமியார் அவன் பக்கத்திலேயே இருந்தாலும், ஃபோனில் அவனைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். கண்ணை எடுத்தால் அவன் மூச்சு நின்றுவிடும் என்று பயம். அடுத்த அறையில் இருக்கும்போதும் ஃபோனில்தான் பார்க்கிறாள்.

"அந்த ஃபோனைச் செய்யட்டுமா, டீச்சர்?"

"வேண்டாம். பிள்ளையைச் செய்யுங்க."

தவமணி ஃபோனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். ரெஜினா ஒரு பிடி மண்ணை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

விரைவாகவே செய்து முடித்தாள். காதோரம் ஒரு கை. மூடிய விரல்கள். லேசாகத் திறந்த வாய். எல்லாம் உள்ளங்கை அளவில்.

"அச்சு அசல் அவன்தான்," என்றாள்.

தவமணி அதைத் திருப்பினாள். பின்பக்கம் பலகையின் தடம் மட்டும் இருந்தது.

"முதுகு?"

முதுகில் ஒரு மச்சம் உண்டு. ரெஜினா இடப்பக்கம் விரலை வைத்தாள். எடுத்தாள். வலப்பக்கம் வைத்தாள்.

பிறகு ஃபோனை எடுத்துப் பார்த்தாள். அதில் அவன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் காத்திருந்தாள்.

தவமணி மண் காயாமலிருக்க ஈரத்துணி போர்த்தினாள்.

"அவன் புரண்டு படுக்கிறவரைக்கும் இங்கேயே உட்காரப் போறீங்களா, அக்கா?"