எள்ளுருண்டைப் பெட்டியில் பேசிய முகம்

முன்னொரு காலத்திலே, மந்தாரபுரி என்கிற கோட்டைப் பட்டணத்திலே, கனகவல்லி என்று ஒருத்தி எள்ளுருண்டை விற்று வந்தாள். உருண்டை நல்ல உருண்டை; கடைதான் சந்தையின் கோடி மூலையில் கிடந்தது. அந்தச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. தின்பண்டம் விற்கிறவர், முதல் பண்டத்தை நாலு பேர் பார்க்கத் தாமே தின்று, எப்படி இருக்கிறதென்று சொல்ல வேண்டும். பிறகுதான் வியாபாரம். மற்றவர்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு "அமிர்தம்" என்பார்கள். கனகவல்லி மட்டும், பாகு முறுகினால் முறுகிவிட்டது என்று சொல்லிவிடுவாள். அப்புறம் எப்படி விற்கும், நீங்களே சொல்லுங்கள்.

அவள் புருஷன் மாசிலாமணி உப்பு வண்டி ஓட்டிக்கொண்டு வெளிதேசம் போயிருந்த சமயம், அச்சு செதுக்குகிறவன் ஒருவன் வந்தான். காலையில் அவனுக்குக் கிழவன் முகம், மத்தியானம் வாலிபன் முகம். கனகவல்லி அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை, பாவம்.

"உன் முகத்தை அச்சா செதுக்கித் தரேன் தாயி. ஓலைப் பெட்டியில குத்து, பெட்டியே கூவி வித்துடும். கூலி வேண்டாம். இனிமே முதல் உருண்டையை நீ திங்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவளும் சரியென்றாள். அவன் செதுக்கித் தந்த அச்சை மையில் தொட்டுப் பெட்டியில் குத்தினாள். பெட்டியிலிருந்த முகம் கண்ணைத் திறந்தது.

"வாங்க, வாங்க, நான்தான் கனகவல்லி. தேனாட்டம் இருக்கும்."

சனம் மொய்த்தது. நேற்றுவரை திரும்பிப் பார்க்காதவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். அன்று சாயங்காலம் முகம் கழுவும்போது, கனகவல்லியின் விரலுக்குப் புருவம் தட்டுப்படவில்லை.

மறுபடி குத்தினாள். "வாங்க, வாங்க, நான்தான் கனகவல்லி." கன்னத்துக் குழி போயிற்று.

மறுபடியும் குத்தினாள். மூக்கே போயிற்று. அந்த இடம் பிசைந்த மாவாட்டம் வழுவழுவென்றிருந்தது. எள் வறுபடும் வாசம்கூட அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, அழுதுகொண்டே அச்சைத் தூக்கிக் கிணற்றில் போட்டாள். விடிந்து பார்த்தால் அச்சு ஈரத்தோடு கடைப் பலகையில் இருந்தது. பக்கத்தில் அச்சுக்காரன் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் இருந்தது அவளுடைய மூக்கு.

"இன்னும் ஒரு தடவை குத்து தாயி. வாய் ஒண்ணுதான் பாக்கி" என்றான்.

அந்த வேளை பார்த்து மாசிலாமணி வந்து சேர்ந்தான். நேரே பெட்டியிடம் போய், "கனகம், சௌக்கியமா இருக்கியா?" என்றான்.

"வாங்க, வாங்க, நான்தான் கனகவல்லி" என்று பெட்டி சிரித்தது.

"நான் இங்க இருக்கேங்க" என்றாள் கனகவல்லி. அவன் திரும்பிப் பார்த்துவிட்டு ஓரடி பின்வாங்கினான்.

"யாரம்மா நீ? என் பொண்டாட்டிய மாதிரிப் பேசற?"

வாயும் போய்விட்டால், நான்தான் கனகம் என்று சொல்லக்கூட வழியில்லை. முந்தானையை அவிழ்த்தாள். சனம் அலறி விலகியது. அவள் வாணலியிலிருந்து புதிதாகப் பிடித்த ஓர் உருண்டையை எடுத்தாள்.

"தின்னாதே" என்றான் அச்சுக்காரன். "தின்னாதே, தின்னாதே" என்றன பெட்டிகள் எல்லாம்.

எல்லோரும் பார்க்கத் தின்றாள்.

"எள்ளு தீஞ்சு போச்சு. கசக்குது. இன்னிக்கு யாரும் வாங்காதீங்க" என்றாள்.

மாசிலாமணி மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அட, இவதான்யா என் கனகம். தன் கடைச் சரக்கைத் தானே கசக்குதுன்னு சொல்றவ வேற எவ இருக்கா?"

அவ்வளவுதான். பெட்டிகளிலிருந்த மை கண்ணீராக வழிந்தது. அச்சுக்காரன் ஓடினான், ஓட ஓட அவன் முகங்கள் உதிர்ந்தன. முறுக்கு விற்றவள் முகம், பணியாரக்காரன் முகம், பால்கோவாக்காரி முகம் என்று, எந்தெந்த ஊரிலோ முக்காட்டுக்குள் கிடந்தவர்களிடம் அவை பறந்து போயின. கடைசியில் உள்ளே ஒன்றுமே இல்லை. வேட்டி மட்டும் தரையில் கிடந்தது.

கனகவல்லிக்கு மூக்கு வந்ததும் முதலில் தெரிந்தது தீய்ந்த வாசம்தான். சிரித்துக்கொண்டே வாணலியைக் கழுவப் போனாள்.

அன்றைக்கு அந்த உருண்டைகளில் ஒன்றுகூட விற்கவில்லை. அடுத்த வாணலி இறங்குகிறவரைக்கும் ஒருவரும் வீட்டுக்குப் போகவுமில்லை.