சதுப்பில் யாரும் இல்லை

குறும்பாறைக் காட்டில் கூரன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்குக் கிழங்கு என்றால் உயிர். படிப்பு என்றால் அதைவிட உயிர்.

அந்தக் காட்டில் படிப்புக்கு நல்ல மரியாதை உண்டு. யாருக்கும் தெரியாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மருத மரத்தடியில் கூடும் சபையில் அதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சபைக்குத் திருப்தி என்றால் முனைவர் பட்டம் கிடைக்கும். கூரனுக்கு அந்தப் பட்டத்தின் மேல் கொள்ளை ஆசை.

அதன் ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளராக ஒரு நாரை இருந்தது.

"எதை ஆராயப் போகிறாய்?" என்று நாரை கேட்டது.

"நாம் சாப்பிடும் சாப்பாட்டை, அம்மா. கிழங்கு கைக்கு வருகிறது, தின்கிறோம். அது விளைவதற்காக எங்கே என்ன குறைந்தது, யாருக்கு என்ன போனது என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை."

நாரை ஒற்றைக் காலில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தது.

"நல்ல கேள்விதான். ஆனால் பதில் உனக்குப் பிடித்த மாதிரியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதே."

அந்தக் காட்டுக்கே சாப்பாடு போட்டது ஒரு கரடி. ஒரு காலத்தில் மழை பொய்த்துக் காடு முழுவதும் பட்டினி கிடந்தது. மான்குட்டிகள் எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் கிடந்தன. அப்போது கரடிதான் ஓடையை மறித்துக் கரை போட்டது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தன் சரிவுக்குத் திருப்பியது. அங்கே சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிட்டு, விளைந்ததை எல்லோருக்கும் கொடுத்தது. அதற்குப் பிறகு யாரும் பசியோடு படுக்கவில்லை. படிக்கிற பிள்ளைகளுக்குக் கரடி கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கும். கூரன் வளர்ந்ததே அந்தக் கிழங்கைத் தின்றுதான்.

கூரன் முதலில் தோட்டத்தைப் பார்த்தது. மண் சத்திழந்து வெளிறிப் போயிருந்தது. பிறகு ஓடை வழியாகவே கீழே நடந்தது. கரைக்குக் கீழே தண்ணீர் இல்லை. கூழாங்கற்கள் வெயிலில் காய்ந்து கிடந்தன. ஓடை போய்ச் சேரும் இடத்தில் ஒரு சதுப்பு இருந்தது. மேட்டுக் காட்டில் இருப்பவர்கள் யாரும் அங்கே போவதில்லை. அந்தச் சதுப்பு இப்போது பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

ஒரு தாழம்புதரின் நிழலில் இருந்து ஓர் ஆமை தலையை நீட்டியது.

"யாரைத் தேடுகிறாய், தம்பி?"

"இங்கே தண்ணீர் இருந்ததா, அக்கா?"

"இருந்தது. தவளைகள் இருந்தன, நத்தைகள் இருந்தன. பேச்சும் சத்தமுமாக இருக்கும். தவளைகள் கிளம்பிப் போய்விட்டன. எங்காவது போய்ச் சேர்ந்தனவா என்று தெரியவில்லை. நத்தைகள் இங்கேயே காய்ந்து போயின. மிச்சம் நானும் என் தங்கையும்தான்."

"ஓடை ஏன் வற்றியது?"

"மழை இல்லை, அதனால்தான் என்று நினைத்தோம். பிறகு மழை பெய்தது. அப்போதும் தண்ணீர் வரவில்லை. மேலே என்ன நடக்கிறது என்று எங்களுக்கு யார் வந்து சொல்வார்கள்?"

காரணம் கூரனுக்குத் தெரியும். காலையில் தின்ற கிழங்கின் இனிப்பு இன்னும் அதன் நாக்கில் இருந்தது. தயங்கித் தயங்கிக் கரையைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் சொன்னது.

ஆமை தலையைத் திருப்பி மேட்டுக் காட்டைப் பார்த்தது. பிறகு, "மேலே குழந்தைகள் பசியாறினார்களா?" என்று கேட்டது.

"ஆறினார்கள், அக்கா."

"அது நல்லதுதான். ஆனால் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

புறப்படும்போது ஆமை காய்ந்த சேற்றைத் தோண்டி ஓர் அல்லிக் கிழங்கை எடுத்துக் கொடுத்தது. "வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது எங்களுக்கு வழக்கமில்லை."

கூரன் தின்றது. தின்று முடித்த பிறகுதான் ஆமையின் தங்கையைப் பார்த்தது. கிழங்கு எடுத்த வெறும் குழியையே அது பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் அவர்களிடம் இருந்த கடைசிக் கிழங்கு என்று கூரனுக்குப் புரிந்தது.

"வரும் பௌர்ணமியன்று மருத மரத்தடியில் கூடும் சபையில் நான் சொல்கிறேன், அக்கா. நீங்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரிய வைக்கிறேன்."

"சொல்லு தம்பி. அது போதும்."

சபை கூடும் நாள் வந்தது. மருத மரத்தடியில் காடே திரண்டிருந்தது. முன்வரிசையில் கரடி உட்கார்ந்திருந்தது. பட்டம் கிடைத்ததும் விருந்து வைக்கச் சுட்ட கிழங்கை அதுவே குவித்து வைத்திருந்தது. முள் குத்தாமல் கூரனின் நெற்றியைத் தடவிக் கொடுத்து, "நம் வீட்டுப் பிள்ளை முனைவராகப் போகிறான்" என்று எல்லோரிடமும் சொன்னது.

கூரன் நன்றாகப் பேசியது. மண் வெளிறியதைச் சொன்னது. ஓடை வற்றியதைச் சொன்னது. சபை காது கொடுத்துக் கேட்டது. கடைசியில் நாரை எழுந்தது.

"ஓடை வற்றியதால் யாருக்கு என்ன கஷ்டம்?"

கூரன் வாயைத் திறந்தது. எதிரே கரடி பெருமையோடு சிரித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கிழங்குக் குவியலில் ஆவி பறந்துகொண்டிருந்தது. இவ்வளவு தின்றுவிட்டு இவரைக் குற்றம் சொல்வதா? கோபித்துக்கொண்டால் என்ன ஆகும்? பட்டம் என்ன ஆகும்?

"யாருக்கும் இல்லை" என்றது கூரன். "நான் போய்ப் பார்த்தேன். சதுப்பில் யாரும் இல்லை."

நாரை அதைக் கூர்ந்து பார்த்தது. வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. கூரனுக்குப் பட்டம் கொடுத்துக் கொன்றைப் பூமாலை போட்டார்கள்.

விருந்து தொடங்கியது. எல்லோர் கையிலும் கிழங்கு. அந்தக் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே மெல்ல நகர்ந்து ஆமை கூரனிடம் வந்து சேர்ந்தது. அதன் ஓட்டில் புழுதி அப்பியிருந்தது.

"கடைசியில் நின்று கேட்டேன், தம்பி. நன்றாகப் பேசினாய்."

கூரனின் முட்கள் தாமாகவே படிந்தன. கையில் இருந்த கிழங்கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"தங்கையும் என்னோடுதான் கிளம்பினாள்" என்றது ஆமை. "நம்மைப் பற்றிப் பேசப் போகிறார்கள், நாமும் போய்க் கேட்கலாம் என்றாள். வெயில் தாங்கவில்லை. ஓடைப் பாறையடியில் படுத்துவிட்டாள். நீ சொன்னது சரிதான். சதுப்பில் இப்போது யாரும் இல்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் கூரன் ஏதாவது பதில் சொல்லியிருக்கும். ஆமை கோபமாகச் சொல்லவில்லை.

கூரன் மாலையைக் கழற்றிக் கீழே வைத்தது. சபை நடுவே போய் நின்றது.

"நான் பொய் சொன்னேன். சதுப்பில் இந்த ஆமையும் இவர் தங்கையும் இருந்தார்கள். நம் கிழங்குக்காக இவர்களுடைய தண்ணீர் போனது. எனக்கு அது தெரியும். இவர்களுடைய கடைசி உணவையும் நான்தான் தின்றேன். பட்டத்துக்கு ஆசைப்பட்டு மறைத்துவிட்டேன்."

வாயில் போட்டதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மான் நின்றது. மற்றவர்கள் கையில் இருந்த கிழங்கை மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

கரடி எழுந்தது. கத்தப் போகிறது என்று கூரன் கண்ணை மூடிக்கொண்டது.

"கரை போட்டது நான்" என்றது கரடி. "கீழே யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் நான் போய்ப் பார்க்கவில்லை. அது என் தப்பு. ஆனால் நீ பார்த்தாய், கூரா. நீ சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா? என்னை அவ்வளவு மட்டமாகவா நினைத்தாய்?"

கூரனால் தலையைத் தூக்க முடியவில்லை. ஆமையிடம் கூனிக் குறுகியது போக, இப்போது கரடியின் முகத்தையும் பார்க்க முடியாமல் ஆனது.

தங்கை ஓடைப் பாறையடியில் கிடப்பதை ஆமை சொன்னதும் கரடி அங்கே ஓடியது. ஆமையின் தங்கையைத் தூக்கி வந்து வாய்க்கால் தண்ணீரில் விட்டது. நெடுநேரம் அது அசையவில்லை. பிறகு மெல்ல ஒரு காலை நீட்டியது. அதைப் பார்த்த பிறகுதான் கூரனுக்கு மூச்சு வந்தது.

அன்றைக்கே கரடி கரையில் பாதியை உடைத்துவிட்டது. ஓடை மறுபடி கீழே ஓடியது. தோட்டத்தில் பாதி வாடியது. எல்லோரும் அரை வயிற்றோடு பழக வேண்டியிருந்தது. சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் கரையை மறுபடி அடைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சதுப்பு நனைந்தது. அல்லி துளிர்த்தது. தவளைகள் மட்டும் திரும்பி வரவே இல்லை.

சபை பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கூரனை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அதற்குத் தோன்றியது.

ஒரு நாள் அது சதுப்புக்குப் போய் ஆமையின் முன் நின்றது.

"என்னை மன்னிக்க வேண்டும், அக்கா."

"சாப்பாடு போடுகிறவர் முன்னால் நின்று பேசுவது கஷ்டம்தான், தம்பி. எனக்கும் அது புரிகிறது" என்றது ஆமை. "பயமாக இருந்தால் நீ பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கிற எங்களை இல்லை என்று சொல்லிவிட்டாயே."



தான் உண்ணும் உணவுக்காகப் பிறர் இழந்ததை அறிந்தும் மறைப்பவன், அவர்களுக்கு இரண்டாம் முறையும் கேடு செய்கிறான்.