முகம் வரைகிறவன் ஏன் கண்ணைச் சுருக்குகிறான்

அந்தக் காலத்தில் விலங்கும் பறவையும் மனிதனோடு வாய் திறந்து பேசும். திட்டினால் திருப்பித் திட்டும். மலையடியில் சாத்தன் என்று ஒருவன் இருந்தான். கரித்துண்டால் பாறையில் முகம் வரைவான். புருவ மயிருக்குக்கூட ஒவ்வொன்றாகக் கோடு இழுப்பான். அதில் அவனுக்குத் தலைக்கனம். பொந்தில் இருந்த ஆந்தையிடம் ஒருநாள், "உன் மூஞ்சியை வரைய என்ன கஷ்டம்? சட்டி மூடியை வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தால் முடிந்தது" என்று சிரித்தான். ஆந்தை அதை மறக்கவில்லை. எவன் மறப்பான்?

ஒரு கோடையில் காட்டில் பழம் அருகிப்போனது. குரங்குகள் ஆற்றைத் தாண்டக் கிளம்பின. ஒரு மந்தியின் குட்டிக்கு மட்டும் கை முறிந்திருந்தது. தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்ள அதனால் முடியாது. ஆற்றைத் தாண்ட முடியாத கிழட்டுப் பெரியம்மாவிடம் அதை விட்டுப் போக வேண்டும். மிச்சமிருந்த பழம் இரண்டு வயிற்றுக்குத்தான் காணும். ஆனால் தாய் முகம் தெரியாவிட்டால் குட்டி ஒரு வாய் தின்னாது.

"சாத்தா, என் முகத்தைப் பாறையில் வரைந்து வை. மழை விழுந்ததும் வந்துவிடுவேன். அதுவரை என் பிள்ளை பிழைத்துக் கிடக்க வேண்டும்" என்றது மந்தி.

சாத்தன் வரைந்தான். கண், மூக்கு, மயிர் எல்லாம் இருந்தன. குட்டி ஒருமுறை பார்த்தது, திரும்பிக்கொண்டு வீறிட்டது.

"யார் மூஞ்சி இது? என் பிள்ளைக்கே தெரியவில்லையே!" என்று மந்தி அழுதது. அக்கரையிலிருந்து கூட்டம் கூப்பிட்டது.

மரத்தில் ஆந்தை பாதிக் கண் மூடி உட்கார்ந்திருந்தது.

"தூங்குமூஞ்சி, உனக்கென்ன இங்கே வேடிக்கை?" என்று சாத்தன் எரிந்து விழுந்தான்.

"தூங்கவில்லையடா. வெயில் என் கண்ணுக்கு ஆகாது, சுருக்கித்தான் பார்ப்பேன். சுருக்கினால் நீ இழுத்த மயிர்க்கோடெல்லாம் மறைந்துபோகும். வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்கும். மந்தியின் கண்குழியில் இருட்டு. தாடைக்கு அடியில் அதைவிட இருட்டு. நீ எல்லாவற்றையும் ஒரே கறுப்பில் கீறி வைத்திருக்கிறாய். உனக்காகச் சொல்லவில்லை, அந்தக் குட்டிக்காகச் சொல்கிறேன்."

சாத்தனுக்கு உறைத்தது. கண்ணைச் சுருக்கி மந்தியைப் பார்த்தான். பிறகு, பெருமையாக இழுத்த கோடுகளை எல்லாம் உள்ளங்கையால் தேய்த்து அழித்தான். கரி சாம்பல் நிறமாகப் பரவியது. கண்குழியிலும் தாடையடியிலும் அழுத்திப் பூசினான். மூக்கோரத்தில் லேசாகத் தடவினான். வெயில் பட்ட கன்னத்தைத் துடைத்து வெறும் பாறையாக விட்டான். தட்டையாகக் கிடந்த முகம் புடைத்து எழுந்தது.

குட்டியின் அழுகை நின்றது. நல்ல கையை நீட்டிப் பாறைக் கன்னத்தைத் தொட்டது. பெரியம்மா ஊட்டிய பழத்தை, அந்த முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தின்றது. மந்தி ஆற்றைத் தாண்டியது.

முகம் வரைகிறவர்கள் எதிரே இருப்பவரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கரியை எடுப்பது அன்று முதல்தான். ஆந்தைக்கு நன்றி சொன்னவன் மட்டும் இன்றுவரை ஒருவனும் இல்லை.