நாய் மெதுவாக வருகிறது

“பிடிச்சுப்போச்சுன்னு எழுதினா என்னை யாரு நம்புவாங்க, டீச்சர்?” என்று கேட்டார் அருளப்பன்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. டீச்சருக்கு இருபத்தாறு.

அருளப்பன் காலமெல்லாம் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதியவர். அவர் கையால் அடி வாங்காத படமே கிடையாது. பத்திரிகையை மூடியதும், கம்ப்யூட்டர் கேம்களுக்கு விமர்சனம் எழுதும் ஓர் இணையதளத்தில் வந்து சேர்ந்தார். அங்கே மெஹருன்னிசாதான் தலைமை விமர்சகர். வேலை சொல்லிக்கொடுத்த அவளை அருளப்பன் முதலில் கிண்டலாகத்தான் டீச்சர் என்று கூப்பிட்டார். ஒரே மாதத்தில் கிண்டல் போய்விட்டது, டீச்சர் தங்கிவிட்டது.

இன்று மாலை ஆறு மணிக்கு அருளப்பனின் முதல் தீர்ப்பு வெளியாக வேண்டும். கேம் போன வாரம் வந்தது. பெயர் ‘வெள்ளம் வடிந்த பின்’. வெள்ளம் புரட்டிப்போட்ட ஊர்களில் ஒரு தபால்காரி வீடு வீடாகக் கடிதம் கொடுத்துக்கொண்டு போகிறாள். அவ்வளவுதான் கதை. அதில் விழுந்த மனுஷன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

“பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு எழுதுங்க சார்.”

“காசு வாங்கிட்டான்னு சொல்லுவாங்க. கிழவனுக்குப் பல்லு விழுந்துடுச்சுன்னு சொல்லுவாங்க. திட்டித் திட்டிச் சம்பாதிச்ச பேரு இது. என்கிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதான்.”

“சரி, இதுவரைக்கும் என்ன எழுதியிருக்கீங்க?”

“குறையெல்லாம் எழுதிட்டேன். மழையில குடை நனையல. சுவத்துக்குள்ள கை போகுது. அப்புறம் அந்த நாய்.”

“நாய்க்கு என்ன?”

“தபால்காரி பின்னாடியே ஒரு நொண்டி நாய் வருது. ரொம்ப மெதுவா. விளையாடுறவங்க நேரத்தை வீணடிக்குது. இருக்கிறதுலயே பெரிய குறை அதுதான்.”

டீச்சர் சிரிக்கவில்லை. தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதில் அவரை உட்காரச் சொன்னார்.

“அந்தச் சுவத்தைக் காட்டுங்க.”

குறை காட்டச் சொன்னால் அருளப்பனுக்குக் கேட்க வேண்டுமா? உற்சாகமாகக் கேமைத் திறந்தார்.

திரையில் மழை விட்டிருந்தது. வழியெல்லாம் தென்னை மட்டைகள். தபால்காரி சேற்றில் நடந்தாள். சேறு காலைப் பிடித்துப் பிடித்து விடுகிற சத்தம் கேட்டது. எத்தனையாவது தடவையோ, இப்போதும் அவருக்குப் பாதம் சில்லிட்டது. இதைச் செய்த பிள்ளைகள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். வெளியே சொல்லவில்லை.

“சுவர் எங்க சார்?”

“வாய்க்காலைத் தாண்டி. அந்தா, தெரியுதே.”

தபால்காரி வாய்க்காலில் இறங்கி அக்கரை ஏறினாள். சுவர் எதிரிலேயே இருந்தது.

அருளப்பன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

தபால்காரி நின்றாள்.

“என்ன சார், ஹேங் ஆயிடுச்சா?”

“இல்ல. நாய் வரல.”

“விட்டுட்டுப் போனா தோத்துடுவீங்களா?”

“இல்ல.”

“பாயிண்ட் குறையுமா?”

“ஒண்ணும் ஆகாது. அடுத்த ஊர்ல அதுவா வந்து சேர்ந்துக்கும்.”

“நேத்தும் இப்படித்தான் நின்னீங்களா?”

அருளப்பன் யோசித்துப் பார்த்தார். நேற்று நின்றார். முந்தாநாளும் நின்றார். ஒவ்வொரு வாய்க்காலிலும், ஒவ்வொரு உடைந்த பாலத்திலும் நின்றிருக்கிறார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை.



டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அந்த நாய்க் குறையை எடுத்துடலாமா?”

“வேணாம் டீச்சர். அதுதான் முதல் வரி.”

“அப்ப எழுதுங்க. ஆறு மணிக்குப் போகணும்.”

அருளப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கொஞ்சம் இருங்க. இன்னும் கரை ஏறல.”