மூச்சு நின்ற இரண்டு ஏர்பேக்குகள்

ஓடைக்கல்பட்டி எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொன்னால் போய்விடுவீர்கள்; போனால் நீங்களும் அப்படியே ஆகிவிடுவீர்கள்.

அந்த ஊரில் சடையன், ஒச்சன், வீரணன் என்று மூன்று சகோதரர்கள். கடைசித் தம்பி வீரணனுக்கு ஏழு இடத்தில் சம்பந்தம் தட்டிப்போய், முப்பத்தெட்டாவது வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம். பத்தரைக்குள் தாலி கட்டாவிட்டால் எட்டாவதும் போச்சு. பாவம், அவனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினால்தான் கௌரவம் என்று பழைய கார் ஒன்றை வாங்கினார்கள். மெக்கானிக் சவரிமுத்து பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"ஸ்டீயரிங்குக்குள்ள ஒரு பை, அந்தப் பக்கம் டேஷ்போர்டுக்குள்ள ஒரு பை மடிச்சு வச்சிருக்கு. சாவி போட்டிருந்தாத்தான் வேலை செய்யும். வண்டி பலமா மோதினா கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள உப்பி வந்து ஆளைக் காப்பாத்தும். பைக்கு முன்னால எதையும் வைக்காதீங்க. குழந்தைகளைப் பின்சீட்டுலதான் உக்கார வைக்கணும். பெல்ட்டு ரொம்ப முக்கியம்."

மூவரும் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்குச் சடையன் டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைப் போட்டான். ஒச்சன் அலறினான்.

"அண்ணே, எந்திரி! பைக்கு முன்னால எதையும் வைக்கக் கூடாதுன்னாருல்ல? நீ எங்க உக்காந்திருக்க?"

சடையன் பதறிப்போய், சாவியைக்கூட எடுக்காமல் இறங்கினான். "நல்லவேளை சொன்ன. அந்தப் பக்கம் உக்காரவா?"

"அங்கயும் பை இருக்குண்ணே."

"அப்பத் தம்பியப் பின்னால ஏத்துவோம்."

"அது குழந்தைகளுக்குண்ணே. தம்பி என்ன குழந்தையா?"

"குழந்தைன்னா எவன் பொண்ணு குடுப்பான்?" என்று வீரணன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஆக, யாரும் ஏறவில்லை. காலி சீட்டுகளுக்கெல்லாம் பெல்ட் மாட்டினார்கள். ஒச்சன் ஜன்னல் வழியே கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடிக்க, அண்ணனும் மாப்பிள்ளையும் பின்னாலிருந்து தள்ளினார்கள். ஆறு கிலோமீட்டர். பட்டுவேட்டியைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும்.

மண்டபத்துக்கு முன்னால் ஒரு இறக்கம். கார் கையை உதறிவிட்டு ஓடியது. மூவரும் பின்னால் ஓடினார்கள். வாசல் புளியமரத்தில் 'டமால்' என்று மோதி நின்றது. பைகள் இரண்டும் உப்பி வந்தன.

சடையன் தன் உடம்பைத் தடவிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. "மெக்கானிக் சொன்னது சத்தியம்டா! இம்புட்டுப் பெரிய மோதல்ல மூணு பேருக்கும் ஒண்ணும் ஆகல!"

அந்தப் பை வந்த வேகத்தில் ஆளைத் தாங்கிவிட்டு உடனே காற்று இறங்கிவிடும். அதன் வேலையே அதுதான். ஒச்சனுக்கு அதை யார் சொல்வது?

"அண்ணே, மூச்சு அடங்குதுண்ணே! நம்மளக் காப்பாத்திட்டு ரெண்டும் உசுர விடுதுக!"

மூவரும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மாமனார் மொக்கையன் ஓடிவந்தார். "மணி பத்தே கால். மணவறைக்கு வாங்க மாப்பிள்ளை!"

"எப்படி மாமா?" என்று வீரணன் விம்மினான். "நம்ம வீட்டு வண்டியில பொறந்த பிள்ளைக. பங்காளி முறை. தீட்டு மாமா."

மொக்கையன் தாடையைச் சொறிந்தார். இந்தச் சம்பந்தத்தைத் தேடிப் பிடித்த ஆள் அல்லவா? "பங்காளின்னா பதினாறு நாள். நியாயந்தான்" என்றார்.

பேச்சு காதில் விழுந்ததும் மணப்பெண் பவுனுத்தாயி மாலையோடு ஓடிவந்து பையை அமுக்கிப் பார்த்தாள். "அதுக்குள்ள என்ன ஒப்பாரி? இன்னும் கொஞ்சம் மூச்சு இருக்கு. தாலி ஏறுற வரைக்கும் போகவிடாம ஊதிக்கிட்டே இருக்கணும். இங்க யாரு நல்லா ஊதுவா?"

பத்து இருபத்தைந்துக்கு வீரணன் தாலி கட்டினான். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை.

"கெட்டிமேளம் எங்கய்யா?" என்றார் ஒரு விருந்தாளி.

"கத்தாதீங்க!" மொக்கையன் வாசலைக் காட்டினார். காருக்குள் தவில்காரர் பைகளைத் தாங்கிப் பிடிக்க, நாதஸ்வரக்காரர் ஒரு பையிலும், ஒத்து ஊதுகிறவர் மற்றதிலும் கன்னம் புடைக்க ஊதிக்கொண்டிருந்தார்கள். "அவுக வாயை எடுத்தா எம்பொண்ணு கல்யாணம் நின்னுபோகும்."

மூன்றாவது முடிச்சு விழுந்ததும் இருவரும் வாயை எடுத்தார்கள். இரு வீட்டாரும் முறைப்படி அழுது முடித்துவிட்டு, பந்திக்கு உட்கார்ந்தார்கள்.