கம்பெனி கேட்டுக்குக் கடைப் பெயிண்ட்

எட்டு வருஷமாக "அடுத்த வருஷம் விற்பனை" என்றே சொல்லிவந்த பெயிண்ட் கம்பெனி அது. ஒருமுறை பூசினால் இரும்பு ஆயுசுக்கும் துருப்பிடிக்காதாம்.

பங்குதாரர் கூட்டத்தில் ஒரே சண்டை.

"புதுப் பொருள் சந்தைக்கு வரப் பதினைஞ்சு வருஷம் ஆகும்யா" என்றார் ஒருவர்.

"அதுவரைக்கும் நாம இருக்கணுமே!" என்றார் இன்னொருவர்.

வாட்ச்மேன் இருளாண்டிக்கு வயிறு எரிந்தது. தன் போனஸையெல்லாம் அவன் இந்தக் கம்பெனிப் பங்கிலேயே போட்டிருந்தான். மச்சானோ பிஸ்கட் கம்பெனியில் போட்டு மாடியே கட்டிவிட்டான். அந்த மாடி நிழலில்தான் தினமும் இவன் சைக்கிள் நிற்கிறது.

முதலாளி சபாபதி மேஜையைத் தட்டினார். "இதென்ன பிஸ்கட்டா, சுட்டதும் விக்க? சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரே ஒரு வாடிக்கையாளரைக் காட்டுங்க பார்ப்போம். காட்டுறவன் போட்ட பணத்தை வட்டியோட தர்றேன். முடியலைன்னா வாயை மூடுங்க!"

"ஒருத்தர் இருக்காருங்கய்யா" என்று எழுந்தான் இருளாண்டி. "அவரு கேட் வருஷா வருஷம் துருப்பிடிக்குது. ஆயுத பூஜைக்கு முன்னாடி நான்தான் சுரண்டிக் கடைப் பெயிண்ட் அடிக்கிறேன். வசதியான ஆளு."

"யாருய்யா அது? கூப்பிடு!"

"நீங்கதாங்கய்யா. நம்ம கம்பெனி கேட்டைத்தான் சொல்றேன்."

கூட்டம் சிரித்தது.

"அது மழையில நிக்கிற கேட்டுய்யா. நம்ம பெயிண்ட் இன்னும்..." என்று ஆரம்பித்த சபாபதி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீங்க வாங்கினா நான் ஆளைக் காட்டிட்டேன். வாங்கலைன்னா ஏன்னு இவங்ககிட்ட சொல்லிடுங்கய்யா."

சபாபதி செக் புத்தகத்தை எடுத்தார்.

செக்கோடு வெளியே போன இருளாண்டியை அத்தனை பங்குதாரர்களும் பார்த்தார்கள். மச்சானின் மாடியை அவன் எப்படிப் பார்ப்பானோ, அதே பார்வை.