இடிமுட்டி மூன்றாம் பாகம் வாடகைக்கு வந்தது

கோவில்பட்டியில் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் உண்டு. மூத்தவர் கடற்கரை, நடுவில் வேலுக்கண்ணு, கடைசியில் சித்திரைக்கனி. ஒருவர் சொல்வதை மற்ற இருவரும் உடனே ஒத்துக்கொள்வார்கள் என்பதால் அந்த வீட்டில் சண்டை மட்டும் கிடையாது. மற்றதெல்லாம் உண்டு.

அவர்களுடைய ஒரே தங்கை செண்பகவல்லிக்குத் தலைதீபாவளி. சாத்தூரிலிருந்து போன் செய்தாள்.

"அண்ணே, இவருக்கு இடிமுட்டி படம்னா உசுரு. நாலாம் பாகம் தீபாவளிக்கு வருது, இவரு மூணாம் பாகத்தையே இன்னும் பாக்கல. நம்ம வீட்டுப் பெரிய டிவில உங்களோட உக்காந்து பாக்கணுமாம். எங்க ஓடுதுன்னு தேடி வைங்க. இதுலயும் கோட்டை விட்டீங்கன்னா இவருகிட்ட என் மானம் போயிரும்."

தங்கையின் மானம் என்றதும் மூன்று பேரும் சாமான் ஏற்றும் வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

"ஓடுறத நடந்து போயிப் பிடிக்க முடியாதுல்ல," என்றார் கடற்கரை.

பைபாஸ் டீக்கடையில் நிறுத்தி, "இடிமுட்டி இந்தப் பக்கமா ஓடுச்சா?" என்று விசாரித்தார்கள். டீக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, காலையில் ஒரு செவலை நாய் ஓடியதாகச் சொன்னார்.

"அதுவா இருக்குமோ?" என்றார் வேலுக்கண்ணு.

"மூணாம் பாகம்னாரா?"

"அதக் கேக்கலியே."

திரும்பிப் போய்க் கேட்டார்கள். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துக் கடையைச் சாத்தினார்.

செண்பகவல்லி மறுபடி போன் செய்தபோது நடந்ததைச் சொன்னார்கள். அவள் சொன்னாள்: "வெளிய எங்கயும் போகாதீங்க. ஏதாவது ஒரு ஆப்லதான் இருக்கும். அதக் கண்டுபிடிச்சு டிவில இறக்கி வைங்க, போதும். நாங்க பஸ் ஏறிட்டோம்."

ஆப்பு அவர்களுக்குப் புதிதில்லை. பந்தல் கால் ஆடாமல் இருக்க அடிக்கிற மர ஆப்பு குடோனில் ஒரு சாக்கு நிறையக் கிடந்தது. கூடத்தில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

"ஒண்ணுலயும் ஒண்ணும் தெரியலண்ணே," என்றான் சித்திரைக்கனி.

"உள்ள இருக்கறது வெளிய எப்படித் தெரியும்? இறக்குனாத்தான் தெரியும்."

சண்டைப் படத்தை வேப்ப ஆப்பு தாங்காது என்று முடிவாகி, நல்ல வைரம் பாய்ந்த புளிய ஆப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். டிவியில் எந்த இடத்தில் இறக்குவது என்பதில்தான் யோசனை ஓடியது. நடுவில் இறக்கினால் கதை பாதியிலிருந்து ஆரம்பிக்கும் என்றார் வேலுக்கண்ணு. எழுத்தே இடது பக்கம் மேலேயிருந்துதானே ஆரம்பிக்கிறது, படமும் அப்படித்தான் என்றார் கடற்கரை.

அவர் ஆப்பை மூலையில் பிடித்துக்கொள்ள, வேலுக்கண்ணு சம்மட்டியை ஓங்கியபோது செண்பகவல்லியும் அவள் புருஷன் தங்கமாரியப்பனும் உள்ளே வந்தார்கள். அவள் ஓடிவந்து சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளை பையைக் கீழே வைத்துவிட்டு ஆப்பைத் தட்டிப் பார்த்தார். "நல்ல மரம் மச்சான்," என்றார்.

செண்பகவல்லியே ரிமோட்டை எடுத்து, படம் இருக்கும் ஆப்பைக் கண்டுபிடித்து டிவியில் கொண்டுவந்தாள். "அண்ணே, இதுக்கு ஒரு பாஸ்வேர்டு வேணும். உங்க போன்ல எதையாவது போட்டு வைங்க. யாருகிட்டயும் சொல்லிராதீங்க," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

கடற்கரை சுவர்ப் பக்கம் திரும்பி நின்று போட்டார். போட்டு முடித்ததும், அதை இங்கே எழுது என்று டிவி கேட்டது.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாளே," என்றார் கடற்கரை.

"டிவி யாரோ எவரோ இல்லியே, நம்ம வீட்டு டிவி," என்றான் சித்திரைக்கனி.

"அதுக்கு வாயி இருக்கேடா. காலைலருந்து ராத்திரி வரைக்கும் ஊர்ச் சேதி பூராத்தையும் சொல்லிக்கிட்டே கிடக்கு. இத மட்டும் சொல்லாம இருக்குமா?"

எல்லாரும் கவலைப்பட்டார்கள். மாப்பிள்ளைதான் வழி சொன்னார். "சத்தத்த அடச்சிருங்க மச்சான். எழுதினாலும் அதால வெளிய சொல்ல முடியாது."

அப்படியே சத்தத்தை அடைத்துவிட்டுப் பாஸ்வேர்டை எழுதினார்கள். அதற்கப்புறம் அந்த டிவியைப் பேசவிடவில்லை.

செண்பகவல்லி ஈரத்தலையோடு வந்து பார்த்தாள். "இது வாடகைக்குத்தான் கிடைக்குது. ரெண்டு நாளு இருக்கும், அப்புறம் போயிரும். அதுக்குள்ள பாத்துருங்க," என்று தன் போனிலேயே பணத்தைக் கட்டிவிட்டு முறுக்கு சுடப் போனாள்.

வாடகை என்ற சொல்லைக் கேட்டதும் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்த முதல் சங்கதி அதுதான்.

"எண்ணி வாங்கு," என்றார் கடற்கரை.

சித்திரைக்கனி படத்தை நிறுத்தி நிறுத்தி எண்ணி, சாக்பீஸால் சுவரில் எழுதினான். கார் ஏழு, கீறல் இல்லை. பாலம் ஒன்று, நல்ல நிலை. ரவுடிகள் ஐம்பத்திரண்டு.

சண்டை ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் ஏழு காரும் நொறுங்கின. பாலம் இரண்டாக உடைந்து விழுந்தது. கடற்கரை தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நம்ம சேர்ல ஒரு காலு ஒடஞ்சாலே நாம முழுச் சேருக்கும் காசு வாங்குறோம். இவங்க விடுவாங்களா?"

"பாலம் என்ன வெலை இருக்கும்ணே?"

"கேக்காதடா."

வேலுக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. தலைதீபாவளிக்கு வந்தவர் முன்னால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கப்போகிறது. மாப்பிள்ளை மெதுவாக ரிமோட்டை வாங்கிப் படத்தைப் பின்னால் ஓட்டினார். பாலம் எழுந்து ஒட்டிக்கொண்டது. கார்கள் பளபளவென்று ஆயின. செத்தவனெல்லாம் துள்ளி எழுந்து நின்றான்.

"படிச்ச மாப்ள," என்றார் கடற்கரை.

திரும்ப எண்ணினார்கள். கார் சரி. பாலம் சரி. ரவுடிகள் ஐம்பத்தொன்று.

ஒருவனைக் கதாநாயகன் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. டிவிக்குப் பின்னால் பார்த்தார்கள். கொல்லையில் பார்த்தார்கள். கட்டில்களைத் தூக்கிப் பார்த்தார்கள். தீபாவளியன்று காலையில் ஊரே நாலாம் பாகத்துக்கு டிக்கெட் எடுக்க நின்றபோது, இவர்கள் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாடகைக்கு விட்டவர்கள் படத்தை எடுத்துப்போக வரும் நேரம் நெருங்கியது.

"மாப்ள, தப்பா நெனைக்கக் கூடாது," என்றார் கடற்கரை. "காணாமப் போனவனுக்கும் உங்க மாதிரிதான் மீசை. உங்க உசரந்தான்."

"குடும்பத்துக்கு ஒரு கஷ்டம்னா நான் சும்மா இருப்பேனா மச்சான்," என்றார் தங்கமாரியப்பன். புதுச் சட்டையைக் கழற்றிவிட்டு, முறைத்த முகத்தோடு டிவி பக்கத்தில் போய் நின்றார்.

நேரம் ஆனது. படம் மறைந்தது. மாப்பிள்ளை அப்படியே நின்றார்.

சமையலறையிலிருந்து செண்பகவல்லி வந்து, "என்னாச்சு?" என்றாள்.

கடற்கரை தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாரையும் எடுத்துக்கிட்டாங்கம்மா. மாப்ளைய மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க."

தங்கமாரியப்பனின் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு ரவுடிக்குக்கூட லாயக்கில்லன்னு மாமனார் வீட்ல வச்சு அவமானப்படுத்திட்டாங்கள்ல," என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். தம்பிகள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கடற்கரை டிவி முன்னால் கைகூப்பி நின்றார். "தலைதீபாவளிங்க. பெரிய மனசு பண்ணி மாப்ளையையும் எடுத்துக்குங்க," என்றார்.

டிவி வெகுநேரம் ஒன்றும் காட்டவில்லை. அப்புறம், 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று எழுத்துகள் வந்தன.

"ஆமாங்க, உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்," என்றார் கடற்கரை. "நேரா வாசலுக்கு வந்துருங்க. மாப்ள பையோட நிக்கிறாரு."